மலைநாட்டு லொறியின் முதல் முழக்கம்



மலைநாட்டுத் தோட்டங்களில் முற்காலத்தில் பொழுது புலர்வதை அறிவித்தது தப்பொலி. இந்நாளில் பல இடங்களில் அந்தப் பணியை லொறியின் முழக்கம் செய்கிறது. அந்த முழக்கம் எல்லா நாளும் ஒரே விதமாக எழுவதில்லை. ஒரு நாள் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் இயந்திரம் எழுந்துவிடும். மற்றொரு நாள் நெடுநேரம் முனகி, வெண்புகை கக்கி, அதன் பின்னரே எழும். பிறிதொரு நாள் காலையில் நன்றாக எழுந்த அதே லொறி, நண்பகலில் சற்றே நிறுத்தியபின் மீண்டும் எழ மறுக்கும். சாரதி ஒருவரே, வண்டியும் ஒன்றே, எண்ணெயும் ஒன்றே. அவ்வாறிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

சிலர் இதனைச் சாரதியின் கைராசி என்பர். சிலர் வண்டியின் முன்னே எலுமிச்சம் பழத்தைக் கட்டிவிட்டு அமைதியடைவர். மேலதிகாரிகளோ பெரும்பாலும் சாரதியின் கவனக்குறைவு என்று முடிவு கட்டிவிடுவர். ஆனால் இவ்வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 130 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால் இன்றைய லொறியின் நடத்தை விளங்கும். பழி சுமத்தப்படும் மனிதர் பலர் குற்றமற்றவர் என்பதும் விளங்கும்.

மலைநாட்டில் சுமை இறங்கிய வரலாற்றை முதலில் சுருக்கமாக நோக்குவோம். கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிகளே மலையிலிருந்து சுமை இறக்கின. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867 ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். 1885 இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. பின்னர் 1903, 1904 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு குறும்பாதைப் புகையிரதம் அமைக்கப்பட்டது. எமது வலப்பனைப் பகுதியின் வாயிலுக்கே புகைவண்டி வந்த காலம் அது. ஆயினும் அந்தப் பாதை நெடுங்காலம் நிலைக்கவில்லை. மோட்டார்ப் போக்குவரத்தின் போட்டி வலுத்தது. 1940களில் அது மூடப்பட்டது. அன்றுமுதல் இந்த மலைகளின் கொழுந்தும், தேயிலைப் பெட்டியும், அரிசி மூட்டையும், நோயாளியுங்கூட லொறியையே நம்பலாயின.

நீராவி எஞ்சினுக்குத் தொடங்குவதில் ஒரு தெளிவான ஒழுங்கு இருந்தது. நெருப்பு மூட்டி, நீரைக் கொதிக்கவைத்து, அமுக்கம் ஏறும்வரை சில மணிநேரம் காத்திருக்க வேண்டும். அது நீண்ட வேலை. ஆனால் அதில் மர்மம் ஒன்றுமில்லை. நெருப்பு கண்ணுக்குத் தெரியும். அமுக்கத்தை முள் காட்டும். எண்ணெய் இயந்திரம் வந்தபோதுதான் நெருப்பு உருளைக்குள்ளே ஒளிந்துகொண்டது. மர்மமும் அங்கேதான் பிறந்தது.

ஆங்கிலேயரான ஹேர்பட் அக்ரொயிட் ஸ்டுவர்ட் 1890 இல் ஓர் எண்ணெய் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். கிராந்தம் நகரின் ஹோர்ன்ஸ்பி நிறுவனம் சில ஆண்டுகளுள் அதனைச் செய்து விற்கத் தொடங்கியது. அதன் தலையில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். ஊதுவிளக்கின் சுடரால் அக்குமிழைப் பல நிமிடம் சூடாக்கிய பின்னரே இயந்திரத்தைச் சுழற்றலாம். குளிர்ந்த காலையில் அதற்கு அதிக நேரம் பிடிக்கும். வெப்பமான காலையில் குறைந்த நேரம் போதும். இயந்திரம் எழும் விதம் காலநிலைக்கு ஏற்ப மாறுபடும் என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது.

அதே காலத்தில் ஜேர்மானியரான ருடொல்ப் டீசல் வேறொரு வழியை நாடினார். விளக்கும் வேண்டாம், பொறியும் வேண்டாம், வளியை மிகக் கடுமையாக அமுக்கினால் அதுவே சூடாகி எண்ணெயைப் பற்றவைக்கும் என்பது அவர் கொள்கை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியின் வாயை விரலால் மூடி வேகமாக அழுத்திப் பார்க்கும் எந்தச் சிறுவனும் இந்த உண்மையைக் கையால் உணரலாம். குழாய் சுடும். தென்கிழக்காசிய மக்கள் சிலர் இந்த உண்மையைக் கொண்டே சிறு குழலொன்றுக்குள் பஞ்சை இட்டு, தண்டை ஓங்கி அழுத்தித் தீ மூட்டும் வழக்கம் உடையவராயிருந்தனர். டீசல் 1892 இல் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். ஓக்ஸ்பேர்க் நகரில் பல தோல்விகளைக் கண்டபின், 1897 பெப்ரவரியில் அவருடைய இயந்திரம் முறையான பரிசோதனையில் வென்றது. எண்ணெயில் உள்ள ஆற்றலில் 100 க்கு 26 பங்கை அது வேலையாக மாற்றியது. அக்கால நீராவி இயந்திரங்கள் இதனிற் பாதியையும் எட்டுவது அரிதாக இருந்தது.

ஆனால் அந்த வெற்றியோடு ஒரு கடனும் வந்து சேர்ந்தது. தன் மூச்சின் வெப்பத்தால் தானே எரியும் இயந்திரத்துக்கு, முதல் மூச்சுக்கான வெப்பத்தை யார் தருவது? இதனை நாம் ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். லொறி இயந்திரம் வளியை ஏறத்தாழ 17 இல் ஒரு பங்காக ஒடுக்குகிறது. சாவி திருப்பும் மெதுவான சுழற்சியில், வெளியே 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வளி, அவ்வாறு ஒடுங்குகையில் ஏறத்தாழ 435 பாகையை எட்டும். வெளியே 10 பாகையாயின், அதே ஒடுக்கம் ஏறத்தாழ 390 பாகையையே தரும். வெளியே 20 பாகை குறைந்தால், உள்ளே 45 பாகைக்கு மேல் குறைந்துவிடுகிறது. குளிர்ந்த இரும்புச் சுவரும், தேய்ந்த வளையங்களின் ஊடாகக் கசியும் வளியும் இவ்வெப்பத்தை மேலும் களவாடும். டீசல் எண்ணெய் தானே தீப்பற்ற வேண்டிய எல்லைக்கு மேலே இவ்வெப்பம் நிற்பினும், எண்ணெய்த் துளி ஆவியாகிப் பற்றுவதற்குக் கிடைக்கும் நேரமோ நொடியில் மிகச் சிறிய பகுதி. அந்த நேரத்துக்குள் பற்றாத எண்ணெய், வெண்புகையாகக் குழாய் வழி வெளியேறுகிறது. விடியற்காலையில் லொறியின் பின்னே நாம் காணும் வெண்புகை எரியாத எண்ணெயின் ஆவியே.

இனி மலையின் உயரத்தை நோக்குவோம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதில் 5 இல் 4 பங்கே. ஆகவே இயந்திரம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் வளியின் அளவு குறைவு. ஒடுங்கியபின் எழும் அமுக்கமும் அந்த அளவுக்குக் குறைவு. அமுக்கம் குறைந்தால் எண்ணெய் பற்றுவதற்கு எடுக்கும் நேரம் நீளும். தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின்மீது உறைபனி படர்வதும் உண்டு. வலப்பனைப் பிரதேசத்தின் ஒருபுறம் இராகலையின் குளிர்ந்த உயர்மலைகள். மறுபுறம் மகாவலியை நோக்கிச் சரியும் வெப்பமான பள்ளங்கள். ஒரே நாளில், ஒரே லொறி, இரு வேறு நாடுகளின் காலநிலையைக் கண்டுவிடுகிறது என்றே சொல்லலாம்.

டீசலின் முதல் இயந்திரங்கள் மிகப் பெரியவை. எண்ணெயை உருளைக்குள் ஊத அவற்றுக்குத் தனியான வளியமுக்கி ஒன்று வேண்டியிருந்தது. ஆகவே அவை தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் மாத்திரமே நின்றன. கொள்கலங்களில் சேமித்த அமுக்க வளியைக் கொண்டே அவற்றைக் கிளப்பினர். லொறியிலோ முதலில் ஆட்சி செய்தது பெற்றோல் இயந்திரம். அதனைக் கைப்பிடியாற் சுழற்றிக் கிளப்ப வேண்டும். பெருவிரலைத் தவறாகப் பிடித்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். மூத்த சாரதிகள் புதிய கிளீனருக்குச் சொல்லிக் கொடுத்த முதற் பாடமே அப்பிடிதான். சார்ள்ஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய மின்மோட்டார், 1912 ஆம் ஆண்டின் கடிலாக் காரில் இடம்பெற்றது. நம்மவர் செல்ப் மோட்டார் என்று வழங்குவது அதன் வழித்தோன்றலே. அன்றுமுதல் கையின் வேலை பற்றரியின் வேலையாயிற்று.

டீசல் இயந்திரம் லொறிக்குள் புகுந்தது 1923, 1924 ஆம் ஆண்டுகளில். ஜேர்மனியின் பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்கள் அதில் முன்னின்றன. 1927 இல் றொபட் பொஷ் நிறுவனம் சிறிய, நுட்பமான எண்ணெய்ப் பம்பியைத் தொகையாகச் செய்து தரத் தொடங்கியபின், டீசல் லொறி உலகெங்கும் பரவியது. அந்நாளில் அமைப்பாளர் இரு வேறு பாதைகளிற் சென்றனர். ஒரு சாரார் உருளைக்கு முன்னே ஒரு சிற்றறையை அமைத்து, அதனுள் எண்ணெயைப் பீச்சினர். அதனால் இயந்திரம் மென்மையாக ஓடியது. ஆனால் சிற்றறையின் சுவர் வெப்பத்தை விழுங்கிவிடுவதால், கிளப்புமுன் மின்சாரத்தாற் சிவக்கக் காயும் ஒரு கம்பி வேண்டியிருந்தது. அதுவே ஹீட்டர் பிளக். மறு சாரார் உருளைக்குள் நேரே எண்ணெயைப் பீச்சினர். அவ்வகை இயந்திரம் ஓசை மிக்கது. எனினும் குளிரிலும் எளிதில் எழும்.

நம் நாட்டுச் சாலைகளில் இவ்விரு மரபுகளும் அருகருகே ஓடின. இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் நேர்ப்பீச்சல் மரபைச் சார்ந்தது. சென்னையில் 1948 இல் தோன்றிய அசோக் மோட்டர்ஸ் 1955 இல் அசோக் லேலண்ட் ஆகியது. 1982 இல் இலங்கையில் லங்கா அசோக் லேலண்ட் நிறுவப்பட்டது. மறுபுறம், 1954 இல் டாட்டா நிறுவனம் ஜேர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து லொறி செய்யத் தொடங்கியது. அக்கால மெர்சிடிஸ் இயந்திரங்கள் முன்னறை மரபின. இதனால்தான் ஒரு லொறியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய சாரதி, முன்னையதைக் கிளப்பிய முறை பின்னையதில் பலிக்கவில்லை என்று கண்டார். முன்னறை வண்டியில் பொறுமையாகக் கம்பி சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். நேர்ப்பீச்சல் வண்டியில் காத்திருத்தல் வீண். அங்கே வேகமான சுழற்சியே மருந்து. இது கைராசி அன்று. இரு வேறு பொறியியல் மரபுகளின் வேறுபாடு.

இனி இன்றைய லொறிக்கு வருவோம். 1995 இல் யப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லொறியொன்றில் பொதுக்குழாய் முறையைப் புகுத்தியது. 1997 இல் பொஷ் நிறுவனம் அதனைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. இம்முறையில் பம்பி எண்ணெயை ஒரு பொதுக் குழாயில் பேரமுக்கத்துடன் சேமிக்கிறது. எப்போது, எவ்வளவு பீச்சுவது என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. சாதாரணக் காரின் சக்கரத்தில் உள்ள அமுக்கம் ஏறத்தாழ 2 பார். இக்குழாயில் ஓட்டத்தின்போது 1,600 பார் வரையிலும், அதற்கு மேலும் அமுக்கம் ஏறும். கிளம்புவதற்கே சில நூறு பார் வேண்டும். அந்த அளவு ஏறும்வரை கணினி ஒரு துளி எண்ணெயையும் விடாது.

சாவியைத் திருப்பியபின் நிகழ்வனவற்றை ஒழுங்காகக் காண்போம். முதலில் கணினி, குளிர்நீரின் வெப்பநிலையைக் கேட்டறிகிறது. குளிராயின் ஹீட்டருக்கு மின்சாரம் விடுகிறது. முகப்பில் சுருள்போன்ற சிறு விளக்கு எரிவது அப்போதுதான். சிறிய லொறிகளில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். பெரிய லொறிகள் பலவற்றில் வளி நுழையும் வழியிலே ஒரு சூட்டுத் தட்டு இருக்கும். அடுத்து, சுழலும் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கணினி அறிய வேண்டும். அதற்குத் தண்டு ஒன்றிரண்டு சுற்றுச் சுழல வேண்டும். முதல் நாள் மாலை இயந்திரம் எந்த நிலையில் நின்றுபோயிற்றோ, அதனைப் பொறுத்து இந்நேரம் சற்றுக் கூடும் அல்லது குறையும். அதன்பின்னரே குழாயின் அமுக்கமும் எண்ணெயின் அளவும் தீர்மானிக்கப்படும். ஆகவே பழைய வண்டியில் பழுதின் அடையாளமாக இருந்த சிறு தாமதம், புதிய வண்டியில் பல வேளைகளில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒழுங்காகும். காலையில் மூன்று விநாடியும் நண்பகலில் ஒரு விநாடியும் எடுக்கும் லொறி நோயுற்ற லொறி அன்று.

பழுதினால் வரும் வேறுபாடும் உண்டு. அவற்றுள் முதலிடம் பற்றரிக்கே உரியது. குளிரில் பற்றரியின் இரசாயன வேலை மந்தமாகும். அதே குளிரில் எஞ்சின் ஒயிலும் தடிப்பாகிச் சுழற்சியைத் தடுக்கும். வலிமை குறையும் வேளையிலேயே பாரம் கூடுகிறது. மெதுவாகச் சுழன்றால் ஒடுங்கும் வளி சூட்டை இழக்கும், குழாயின் அமுக்கமும் ஏறாது. இரண்டாவது, எண்ணெயில் கலக்கும் நீர். பாதி வெறுமையான தாங்கியில் இரவின் ஈரம் நீராய்ப் படியும். பனிமூட்டம் மிக்க எமது பகுதியில் மாலையிலேயே தாங்கியை நிரப்பிவைப்பதும், வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரைத் திறந்துவிடுவதும் நல்ல வழக்கங்கள். மூன்றாவது, எண்ணெய்க் குழாயில் புகும் வளி. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாட்டின் எப்பகுதியிலும் வண்டிகள் நீண்ட வரிசைகளில் நின்றதை நாம் மறக்கவில்லை. தாங்கி முற்றாக வற்றிய டீசல் வண்டி, எண்ணெய் ஊற்றியவுடன் எழாது. உட்புகுந்த வளியைப் பம்பியால் வெளியேற்றிய பின்னரே எழும்.

நண்பகல் மர்மத்தையும் இங்கே அவிழ்த்துவிடலாம். காலையில் எழுந்த லொறி, பள்ளத்தில் இறங்கிச் சூடேறி நின்றபின் ஏன் எழ மறுக்கிறது? சூட்டில் டீசல் எண்ணெய் நீர்த்துவிடும். பம்பியோ பீச்சுகுழலோ தேய்ந்திருந்தால், நீர்த்த எண்ணெய் அத்தேய்வின் ஊடாகக் கசிந்துவிடும். குழாயில் வேண்டிய அமுக்கம் ஏறாது, கணினியும் அனுமதி தராது. அதே தேய்வு, காலையில் தடிப்பான எண்ணெய் இருக்கும்போது வெளித்தெரிவதில்லை. குளிரில் எழாமையும் சூட்டில் எழாமையும் இரு வேறு நோய்கள் என்பதை இதனால் அறிகிறோம்.

இவையெல்லாம் வெறும் இயந்திர நுணுக்கங்கள் அல்ல. பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்டு நெடுநேரம் கிடந்தால் சூடாகிச் சிவந்துவிடும். அதனால் அன்றைய உழைப்பின் தரம் குறையும். வேறு வாகனம் இல்லாத மலைகளில் நோயாளியும் பிரசவ வேதனையுற்ற தாயும் லொறியில் ஏற்றப்பட்ட காலம் நம் பெற்றோர் கண்ட காலமே. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளைத் தாக்கிய மண்சரிவுகளை நினைப்பவர், நள்ளிரவில் ஒரு வண்டி உடனே எழுவது எத்துணை பெரிய காரியம் என்பதை உணர்வர்.

ஆயினும் அவசரம் ஆபத்துக்கு வழியாகலாகாது. பற்றரி நலிந்த வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, காலையில் உருளவிட்டுக் கிளப்புவது எமது மலைகளின் பழைய வழக்கம். பழைய லொறியில் அது ஓரளவு பலித்தது. இன்றைய லொறியிலோ, பற்றரி முற்றாக இறந்திருந்தால் கணினி விழிக்காது. எத்துணை வேகமாக உருண்டாலும் இயந்திரம் எழாது. இயந்திரம் ஓடாதபோது பிரேக்குக்கு வேண்டிய அமுக்க வளி சேராது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள பாதையில் இது உயிரோடு விளையாடுவதாகும். அவ்வாறே, வளி நுழையும் வழியில் எரியும் துணியைக் காட்டுவதும், ஹீட்டர் உள்ள இயந்திரத்தில் ஈதர் தெளிப்பதும் தீயையும் வெடிப்பையும் வரவழைக்கும் செயல்கள். செல்ப் மோட்டாரை 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல், ஓரிரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயல்வதே முறை.

இறுதியாக, சாரதியைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி தாமதமாக எழுந்த நாளில் முதலில் ஏச்சுக் கேட்பவர் அவரே. ஆனால் குளிரா சூடா, சுழற்சி வேகமா மந்தமா, புகை வெண்மையா, அல்லது புகையே இல்லையா என்பவற்றை அருகில் நின்று அறிபவரும் அவரே. சுழற்சி மந்தமாயின் பற்றரியையும் அதன் இணைப்புகளையும் நோக்க வேண்டும். சுழற்சி நன்றாயிருந்து வெண்புகை எழுந்தால் எண்ணெய் வருகிறது, வெப்பந்தான் போதவில்லை. சுழற்சி நன்றாயிருந்தும் புகையே இல்லையாயின் எண்ணெய் வரவில்லை. இந்த மூன்று குறிப்புகளையும் நாள்தோறும் ஒரு சிறு கொப்பியில் நேரத்துடன் எழுதிவைத்தால், ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியே பழுதைச் சொல்லிவிடும். ஏச்சு ஒருபோதும் பழுதைச் சொல்லாது.

எமது பாடசாலைகளில் பௌதிகவியல் கற்கும் பிள்ளைகள் வளியின் அமுக்கம், கனவளவு, வெப்பநிலை பற்றிய விதிகளை மனனம் செய்கின்றனர். அவ்விதிகள் தம் லயத்துக்கு முன்னே நிற்கும் லொறிக்குள் தினந்தோறும் வேலை செய்வதை அவர்களுக்குக் காட்டுவது ஆசிரியரின் கடமை. தோட்டத்துச் சாரதிகளும் மெக்கானிக்குகளும் ஏட்டுக் கல்வி இன்றியே இந்த அறிவைக் கையாலும் காதாலும் தேடிக்கொண்டவர்கள். அவர்களின் பிள்ளைகள் அதே அறிவை ஏட்டோடு பெற்று, தொழில்நுட்பக் கல்லூரி வாயில்களை நிறைப்பார்களாயின், மலைநாட்டின் அடுத்த தலைமுறைக்கு அது உறுதியான தொடக்கமாக அமையும்.